அண்டார்டிகாவும் ‘தண்ணியில கண்டமும்’



டிசம்பர் பள்ளி விடுமுறையில் நாங்க நாலு பேர் அண்டார்டிகா போயிட்டு வந்தோம். நான், கணவர், 11 வயது மகள், 66 வயது அம்மா. இந்த விஷயம் தமிழ்ப் பள்ளி வாசலில் பரவினதிலிருந்து மூணு கேள்விகள் விடாம வந்துக்கிட்டே இருக்கு. எவ்வளவு செலவாச்சு? குளிர் தாங்க முடிஞ்சுதா? சின்னப் பொண்ணையும் வயசான அம்மாவையும் எந்த தைரியத்தில் அந்தக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?

முதல் ரெண்டுக்கும் பதில் சுருக்கமானது. செலவு அதிகம். ஆறு வருஷம் சேர்த்த பணம், இந்தியா போற ரெண்டு பயணத்தையும் தள்ளி வச்சோம். குளிர், நீங்க நினைக்கிற அளவுக்கு இல்லை. கப்பல்கள் போற தீபகற்பப் பகுதியில் கோடையில் பகல் வெப்பநிலை பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஜனவரி மாசம் டொராண்டோவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவங்க அதைவிட அதிகமா அனுபவிக்கிறாங்க. காற்று அடிச்சாதான் கஷ்டம்.

மூணாவது கேள்விக்காகத்தான் இந்த மாதப் பத்தி.

ஜோசியர் சொன்னாரோ இல்லையோ, நம்ம வீடுகளில் யாராவது ஒருத்தருக்காவது ‘தண்ணியில கண்டம்’ இருக்கும். எங்க வீட்டில் அது அம்மாவுக்கு. காவிரிக்கரை ஊரில் வளர்ந்தும் நீச்சல் தெரியாது. ஆடிப்பெருக்கு அன்னைக்குக்கூட படித்துறையில் மூணாவது படியோடு சரி. நான் மெல்போர்னில் பிறந்து வளர்ந்தவள், பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததால் நீச்சல் வந்தது. ஆனா கேம்ப், படகு, மலையேற்றம்னு பள்ளியிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் வீட்டில் முதல் பதில் ‘வேண்டாம்’தான். ஏன்னு கேட்டா, ‘சொன்னா கேளு.’ உங்களில் நிறைய பேர் இதே வீட்டில்தான் வளர்ந்திருப்பீங்க.

இப்போ கையெழுத்துப் போடற இடத்தில் நாம இருக்கோம். ‘போ’ அல்லது ‘வேண்டாம்’ங்கிற ரெண்டு பதில்தான் நமக்குப் பழக்கம். துருவக் கப்பலில் நான் பார்த்தது, அதுக்கு நடுவில் இன்னும் ரெண்டு வார்த்தை இருக்குங்கிறதை. ஒண்ணு, ‘எப்படி?’ இன்னொண்ணு, ‘இன்னைக்கு இல்ல.’ அங்க நடக்கிற ஒவ்வொரு சாகச விளையாட்டும் இந்த ரெண்டு வார்த்தையை வச்சுத்தான் நடக்குது.

இது எந்த மாதிரி கப்பல்?

நீச்சல் குளம், சூதாட்ட அறை, மேடை நடனம் எல்லாம் இருக்கிற பெரிய குரூஸ் கப்பலை மறந்துடுங்க. அர்ஜென்டினாவின் தென்முனையில் இருக்கிற உஷுவாயா துறைமுகத்திலிருந்து கிளம்பி, டிரேக் நீரிணையைக் கடந்து, சுமார் 1,000 கிலோமீட்டர் தாண்டினா தீபகற்பம். ரெண்டு நாள் ஆகும். டிரேக் சில சமயம் ஏரி மாதிரி அமைதியா இருக்கும், சில சமயம் தொட்டிலை வேகமா ஆட்டின மாதிரி இருக்கும். எங்களுக்குப் போகும்போது தொட்டில், வரும்போது ஏரி. குமட்டல் மாத்திரையைக் குமட்டல் வர்றதுக்கு முன்னாடியே போட்டுக்கணும். நடக்கும்போது ஒரு கை எப்பவும் கைப்பிடியில் இருக்கணும். கதவு இடுக்கில் விரல் வைக்கவே கூடாது. கப்பல் ஒரு சாய்வு சாய்ஞ்சா கனமான கதவு தானா அறைஞ்சு மூடும். முதல் நாளே எங்களுக்குச் சொன்ன ‘எப்படி’கள் இவை.

1959-ல் கையெழுத்தாகி 1961-ல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிகா ஒப்பந்தப்படி, அந்தக் கண்டம் அமைதிக்கும் அறிவியலுக்கும் ஒதுக்கப்பட்ட இடம். சுற்றுலாவுக்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. 500 பேருக்கு மேல் பயணிகள் இருக்கிற கப்பல் யாரையும் கரையில் இறக்கக் கூடாது. ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. 20 பேருக்கு ஒரு கைடாவது இருக்கணும். இவ்வளவு கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருக்கு. இப்போ ஒரு கோடைப் பருவத்தில் அங்க போற சுற்றுலாப் பயணிகள் ஒரு லட்சத்தைத் தாண்டிட்டாங்க.

ரப்பர் படகில் ஏறிய பாட்டி

அண்டார்டிகாவில் சுற்றுலாப் பயணிகளுக்குன்னு கப்பல் துறை எதுவும் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். அங்கிருந்து கரைக்குப் போக ‘ஸோடியாக்’னு சொல்ற காற்றடைத்த ரப்பர் படகுதான். பத்துப் பேர் வரைக்கும் ரெண்டு ஓரத்திலும் உட்காரலாம், பின்னாடி நின்னு கைடு மோட்டாரை ஓட்டுவார். காற்றறைகள் தனித்தனியா இருக்கிறதால் ஒண்ணு கிழிஞ்சாலும் படகு மிதக்கும்.

சிக்கல் ஏறுறதிலும் இறங்குறதிலும்தான். கப்பலின் பக்கவாட்டுப் படி அசையும், படகும் அசையும், ரெண்டும் ஒரே நேரத்தில் அசையாது. அதனால் கைகுலுக்குற மாதிரிப் பிடிக்காம, ஒருத்தர் முன்கையை இன்னொருத்தர் மணிக்கட்டுக்கு மேல பிடிக்கணும். ஒருத்தர் பிடி நழுவினாலும் இன்னொருத்தர் பிடி நிற்கும். மாலுமிகள் பிடின்னு இதைச் சொல்றாங்க. கையில் கேமரா, போன் எதுவும் இருக்கக் கூடாது. மாலுமி சொன்ன பிறகுதான் கால் வைக்கணும். முதலில் படகு விளிம்பு, அப்புறம் உள்ளே தரை, உடனே உட்காரணும், அப்படியே நகர்ந்து இடத்துக்குப் போகணும். நின்னு நடக்கவே கூடாது.

விளக்கக் கூட்டம் முடிஞ்சதும் மகள் கேபின் கட்டிலின் விளிம்பைப் படகா வச்சுக்கிட்டு பாட்டிக்குப் பயிற்சி கொடுத்தா. “பாட்டி, நான் சொல்றதுக்கு முன்னாடி கால் வைக்காதீங்க!” பத்துத் தடவை. மறுநாள் நிஜப் படகில் ஏறினப்போ அம்மா முகத்தில் பயம் நல்லாவே தெரிஞ்சது. ஆனா கை சரியான இடத்தில் பிடிச்சது, கால் சரியான நேரத்தில் இறங்கினது. உட்கார்ந்ததும் லைஃப் ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்துக்கிட்டு, “எப்படிப் பிடிக்கணும்னு யாராவது அப்பவே சொல்லியிருந்தா நாலாவது படிக்கும் போயிருப்பேன்டி”ன்னாங்க. எனக்குச் சிரிப்பும் வந்தது, கஷ்டமாவும் இருந்தது.

கரையில் நடப்பதும் ஒரு சாகசம்தான்

இறங்கறதுக்கு முன்னாடி நாள் சாயங்காலம் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, கோட்டுப் பை, வெல்க்ரோ பட்டி, பையின் தையல் மடிப்பு எல்லாத்தையும் வாக்யூம் போட்டு உறிஞ்சி எடுத்தாங்க. வேற கண்டத்துப் புல் விதை ஒண்ணுகூட அங்க விழக் கூடாது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஏறும்போதும் பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவணும். கரையில் சாப்பாடு கூடாது, ஒரு கடலை மிட்டாய்கூட. அங்க கழிப்பறையும் இல்லை. குழந்தைகள் இருக்கிறவங்க இதைக் கவனிங்க: ஒன்றரை ரெண்டு மணி நேரம் கரையில் இருப்பீங்க, கப்பலிலேயே போயிட்டு வரச் சொல்லிடணும்.

பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு இன்னொரு விஷயம். பறவைக் காய்ச்சல் 2024 பிப்ரவரியில் அண்டார்டிகா தீபகற்பத்தில் உறுதியானது. அதிலிருந்து கரையில் உட்காரவோ, மண்டியிடவோ, பையைத் தரையில் வைக்கவோ விடறதில்லை. முட்டி வலி இருக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அம்மா பாதி நேரத்திலேயே முதல் படகில் திரும்பிடுவாங்க. ‘எவ்வளவு நேரம் நிற்க முடியும்’னு அவங்களே கணக்கு வச்சிருந்தாங்க.

பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கணும். அதுவா நம்ம பக்கம் வந்தா அசையாம நிற்கணும். பனியில் அதுங்க நடந்து நடந்து பள்ளமான பாதைகள் இருக்கும். அதில் நாம குறுக்கே நிற்கக் கூடாது, வழிவிடறது நம்ம வேலை. மனுஷக் கால் பனியில் ஆழமாப் புதைஞ்சா அந்தக் குழியைப் பனி தள்ளி மூடணும். இல்லைன்னா குட்டைக் கால் பென்குயின் அதில் விழுந்து மேல வர முடியாமத் தவிக்கும். மகளுக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இதுதான். முன்னாடி போறவங்க விட்ட குழிகளையும் சேர்த்து மூடிக்கிட்டே வந்தா. நாத்தத்தைப் பத்தியும் சொல்லிடறேன். பென்குயின் கூட்டத்தின் வாடை மீன் மார்க்கெட்டைவிட ஒரு படி மேல. போட்டோவில் அது வராது.

பனிநடைக்கு அகலமான பனிக்காலணி தருவாங்க, எடை பரவறதால் கால் புதையாது. கைடுகள் முன்னாடியே போய் வெடிப்பு இருக்கான்னு பார்த்து, கொடி நட்டு வழி குறிச்சிருப்பாங்க. அந்தக் கொடிகளைத் தாண்டி ஒரு அடியும் கிடையாது. நெக்கோ துறைமுகம்னு ஒரு இடம், பக்கத்திலேயே பெரிய பனியாறு. அங்க இறங்கினதும் முதல் உத்தரவு, கடலோரத்தில் நிற்காம மேட்டுக்குப் போங்கன்னு. பனியாற்றின் விளிம்பு உடைஞ்சு கடலில் விழுந்தா, அதில் எழும்புற அலை கரையில் நிற்கிறவங்களை இழுத்துட்டுப் போயிடும். அது அழகான கடற்கரை. அங்கே நின்னு போட்டோ எடுக்க எல்லாருக்கும் ஆசைதான்.

கயாக், பனியில் ஒரு இரவு

இது ரெண்டுக்கும் தனிக் கட்டணம், தனிப் பதிவு, தனி வயது வரம்பு. வரம்பு கப்பலுக்குக் கப்பல் மாறும். எங்க கப்பலில் 11 வயதுக்கு ரெண்டுமே கிடையாது. மகள் முகம் தொங்கிப் போச்சு. “எனக்குத் துடுப்புப் போடத் தெரியும், யாரா ஆற்றில் போட்டிருக்கேன்”னு கைடிடமே வாதாடினா. அவர் அவளைச் சமாதானப்படுத்தலை, காரணத்தைச் சொன்னார். உடம்பு முழுக்க மூடுற டிரை சூட்டில் கழுத்திலும் மணிக்கட்டிலும் இருக்கிற ரப்பர் பட்டை தோலோடு ஒட்டி இருக்கணும். சின்ன உடம்புக்கு அது தொளதொளன்னு இருந்தா, கயாக் கவிழும்போது தண்ணி உள்ள இறங்கிடும். சூட் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ‘நீ சின்னப் பொண்ணு’ன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பா. காரணம் புரிஞ்சதும் கோபம் மட்டும்தான் பாக்கி இருந்தது.

கயாக்கில் நான் போனேன். ரெட்டை இருக்கைப் படகு, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு, பின்னாலேயே பாதுகாப்புக்கு ஒரு ஸோடியாக். பனிப்பாறைக்குப் பக்கத்தில் போக விட மாட்டாங்க. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணிக்கு அடியில் இருக்கு. அடிப்பக்கம் கரையக் கரைய எடை மாறி, முன்னறிவிப்பு இல்லாம ஒரு புரட்டு புரளும். துடுப்பை நிறுத்தினா ஒரு சத்தம் கேட்கும், எண்ணெயில் அப்பளம் பொரியற மாதிரி. பனிக்குள்ள ரொம்பக் காலமா அடைபட்டிருந்த காற்றுக் குமிழிகள் உருகி வெடிக்கிற சத்தம் அது. பத்து நாளில் நான் மறக்க முடியாத விஷயம் அதுதான்.

பனியில் தூங்கறதுக்கு என் கணவர் போனார். சாப்பாடு கப்பலிலேயே முடிச்சுடணும். கூடாரம் இல்லை. பனியில் ஒரு பள்ளம் வெட்டி, நீர் புகாத உறைக்குள் தூங்கும் பையை வச்சுப் படுக்கணும். டிசம்பரில் அங்க இருட்டாறதே இல்லை. கொண்டுபோன எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வரணும், எடுத்துட்டுப் போற கழிப்பறையில் சேர்ந்தது உட்பட. காலையில் வந்து, “தூங்கவே இல்லை, ஆனா காசு வீணாகலை”ன்னார். எனக்கு அந்தக் கணக்கு இன்னும் புரியலை.

‘இன்னைக்கு இல்ல’

பத்து நாளில் ரெண்டு கரையிறக்கம் ரத்தாச்சு. ஒரு தடவை எல்லாரும் நாலு அடுக்கு உடுப்பு, லைஃப் ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டு வரிசையில் நின்னாச்சு. பனியாற்று மேலிருந்து திடீர்னு காற்று இறங்கினது. பயணத் தலைவர் ஒலிபெருக்கியில், இன்னைக்கு இங்க இறங்கலை, அடுத்த திட்டம் மதியம் சொல்றேன்னார். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வந்த 150 பேரும் உடுப்பைக் கழட்டினோம்.

நான் மென்பொருள் வேலையில் இருக்கிறவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது வெர்ஷனை வெளியிட வேண்டாம்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். எல்லாரும் தயாரா நிற்கும்போது ‘இல்ல’ன்னு சொல்ற அதிகாரம் ஒருத்தரிடம் இருக்கணும், மத்தவங்க அதை விவாதமில்லாம ஏத்துக்கணும். அது இருக்கிற இடத்தில்தான் குழந்தையை நம்பி விடலாம்.

ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல வரலை. 2022 நவம்பரில் எலிஃபன்ட் தீவுக்குப் பக்கத்தில் அலை அடிச்சு ஒரு ஸோடியாக் கவிழ்ந்து, ரெண்டு பயணிகள் இறந்தாங்க. அதே மாதக் கடைசியில் வேற ஒரு கப்பலில் பெரிய அலை ஜன்னலை உடைச்சு ஒரு பயணி இறந்தாங்க. 2007 நவம்பர் 23 அன்னைக்கு ‘எக்ஸ்ப்ளோரர்’ங்கிற கப்பல் பனியில் மோதி, தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் மூழ்கினது. அதில் இருந்த 154 பேரும் உயிர்க்காப்புப் படகுகளில் பல மணி நேரம் காத்திருந்து, எல்லாருமே காப்பாற்றப்பட்டாங்க. முதல் நாள் உயிர்க்காப்புப் பயிற்சி மணி அடிக்கும்போது காபி குடிச்சுக்கிட்டு நிற்கிறவங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

பனிக்கடலில் குதிப்பது

இப்போ எல்லாரும் வீடியோ கேட்கிற விஷயத்துக்கு வர்றேன். போலார் பிளஞ்ச். கப்பல் படியிலிருந்து அந்தக் கடலில் குதிச்சு, உடனே ஏறணும். கடல்நீர் உறையறதே மைனஸ் 1.8 டிகிரியில்தான், அங்க தண்ணி பூஜ்யத்தைச் சுத்தித்தான் இருக்கும். இடுப்பில் பெல்ட், அதில் கயிறு, கயிற்றின் மறுமுனை மாலுமி கையில், பக்கத்தில் டாக்டர்.

இவ்வளவு ஏற்பாடு ஏன்? குளிர்ந்த தண்ணியில் விழுந்ததும் உடம்பு நம்ம பேச்சைக் கேட்காது. முதல் நொடியில் தன்னால ஒரு பெரிய மூச்சை இழுக்கும். வாய் தண்ணிக்குள் இருந்தா தண்ணிதான் உள்ள போகும். மூச்சு வேகமாகும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். இதைக் குளிர் அதிர்ச்சின்னு சொல்றாங்க, முதல் ஒரு நிமிஷம்தான் மோசம். அதுக்கப்புறம் பத்து நிமிஷத்துக்குள்ள கைகால் வலு இழக்க ஆரம்பிக்கும், நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களுக்கும் இதே கதிதான். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க அதைவிட நேரமாகும். குளிர்கடலில் பலரைக் கொல்றது உறைஞ்சு போறது இல்லை, அந்த முதல் நிமிஷங்கள்தான். அதனால்தான் இதய நோய், ரத்த அழுத்தம் இருக்கிறவங்க குதிக்கவே கூடாதுங்கிறாங்க.

எங்க கப்பலில் பெற்றோர் கையெழுத்து இருந்தா 10 வயதுக்கு மேல குதிக்கலாம். மகள் நாலு நாளா அதே பேச்சு. அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, “கையெழுத்துப் போடாதே”ன்னாங்க. நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் மகளையே உட்கார வச்சு, தண்ணியில் என்ன நடக்கும்னு நான் மேல எழுதினதை எல்லாம் அவளுக்குச் சொன்னார். மூச்சை இழுக்கணும்னு தோணும்போது வாய் வெளியே இருக்கணும், நீந்த முயற்சி பண்ணாதே, கயிறு இழுக்கும். அவ திருப்பிச் சொல்லிக் காட்டினா. நான் கையெழுத்துப் போட்டேன்.

அப்பா குதிச்சு, கத்திக்கிட்டே ஏறி வந்தார். அடுத்து அவ. பெல்ட் மாட்டியாச்சு, கயிறு கட்டியாச்சு, படி விளிம்பு வரைக்கும் போனா. கொஞ்ச நேரம் தண்ணியைப் பார்த்தா. திரும்பி, “இன்னைக்கு இல்லம்மா”ன்னா.

மாலுமி ஒரு வார்த்தை பேசலை. ‘ஒண்ணுமில்ல, குதி, குதி’ன்னு யாரும் கோரஸ் போடலை. பெல்ட்டைக் கழட்டினார், மத்தவங்களுக்குக் கொடுத்த அதே துண்டையும் அதே ஹாட் சாக்லேட்டையும் அவ கையில் கொடுத்து அனுப்பினார். பின்னாடி நின்னவர் முன்னாடி வந்தார், வரிசை நகர்ந்தது.

கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான். குடும்ப வாட்ஸ்அப்பில் அப்பா குதிக்கிற வீடியோவுக்குக் கீழே ஒரு மாமா, “குட்டி பயந்துட்டாளா?”ன்னு சிரிப்புப் பொம்மையோடு கேட்டார். அன்புதான், கேலிதான். ஆனா அவ படிச்சுட்டு போனைக் கவிழ்த்து வச்சா. நான் பதில் எழுதறதுக்குள்ள பாட்டி ஒரு குரல் செய்தி போட்டாங்க: “பயந்தா கிட்டயே போயிருக்க மாட்டா. விளிம்பு வரைக்கும் போய்ப் பார்த்து முடிவு பண்ணினா. அது வேற.”

கையெழுத்துப் போடாதேன்னு சொன்ன அதே அம்மா!

இதைத்தான் இந்தப் பத்தியில் முக்கியமா சொல்ல நினைச்சேன். இன்னும் நாலஞ்சு வருஷத்தில் நம்ம பசங்க நம்ம கையெழுத்து இல்லாத இடங்களில் நிற்பாங்க. குடிச்சவன் ஓட்டற கார், உடைஞ்ச பனி மூடின குளம், ‘எல்லாரும் பண்றாங்க, நீயும் வா’ன்னு கூப்பிடற ஒரு ராத்திரி. அங்க நம்ம ‘வேண்டாம்’ கூட வராது. வரிசையில் நின்ன பிறகும், பெல்ட் மாட்டின பிறகும் ‘இன்னைக்கு இல்ல’ன்னு சொல்லித் திரும்ப முடியும்ங்கிற பழக்கம் மட்டும்தான் கூட வரும். அந்தப் பழக்கம் வரணும்னா, அப்படித் திரும்பி வந்த பிள்ளையை நாம கேலி பண்ணக் கூடாது. ‘வேண்டாம்’னே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, சுயமா முடிவெடுத்துப் பழக ஒரு வாய்ப்பும் கிடைச்சிருக்காது.

உங்க ஊர் ஏரிக்கும் இதே கதைதான்

இதுக்காக யாரும் அண்டார்டிகா போக வேண்டாம். குளிர் அதிர்ச்சி 15 டிகிரி தண்ணியிலேயே வரும். மே மாதம் ஒன்டாரியோ ஏரி, ஜூன் மாதம் பிரிட்டன் கடற்கரை, நார்வேயின் ஃபியோர்டு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். வெளியே வெயில் அடிக்கும், தண்ணி சில்லுன்னு இருக்கும். பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. சொல்ற வழி ரொம்ப எளிமையானது. எதிர்பாராம விழுந்தா உடனே நீந்தாதீங்க. தலையைப் பின்னால் சாய்ச்சு, காது நனையற அளவுக்கு மல்லாந்து மிதங்க. மூச்சு கட்டுக்குள் வர ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் ஆகும். அப்புறம் கூப்பிடலாம், நீந்தலாம். இதை வெதுவெதுப்பான நீச்சல் குளத்தில் பசங்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழகிப் பாருங்க.

எங்க அம்மா இப்போ வாரம் ஒருநாள் பக்கத்து நீச்சல் குளத்தில் பெரியவங்க வகுப்புக்குப் போறாங்க. இடுப்பளவு தண்ணிதான். நீச்சல் இன்னும் வரலை, மல்லாந்து மிதக்க வருது.

போறதா இருந்தா, பணம் கட்டறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியவை

கப்பலில் எத்தனை பயணிகள்? 100-ஐத் தாண்டினா முறை வச்சுத்தான் கரையில் இறக்குவாங்க, உங்க நேரம் குறையும். ஒவ்வொரு சாகசத்துக்கும் வயது வரம்பு என்ன? இதை எழுத்தில் வாங்கிக்குங்க, இல்லைன்னா பிள்ளைக்கு ஏமாற்றம் கப்பலில் காத்திருக்கும். கயாக் ரத்தானா பணம் திரும்ப வருமா? கோட்டும் பூட்ஸும் அவங்களே தர்றாங்களா, குழந்தை அளவில் இருக்கா?

அவசரத்துக்கு அங்கிருந்து தூக்கிட்டு வர்ற செலவு உங்க இன்சூரன்ஸில் அடங்குமா? கப்பலில் டாக்டர் உண்டு, ஆனா பெரிய ஆஸ்பத்திரி ரெண்டு நாள் கடல் தூரத்தில் இருக்கு. பெரியவங்க மாத்திரையைத் தேவையைவிட ஒரு வாரம் கூடுதலா எடுத்துக்குங்க. உள்ளே போடற உடுப்பு பருத்தியில் வேண்டாம், நனைஞ்சா காயாது. கம்பளி அல்லது செயற்கை நூல் நல்லது. ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுடுங்க. பனியில் வெயில் திருப்பி அடிக்கும், கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம்.

கடைசியா ஒரு சின்ன வேலை. அடுத்த தடவை பள்ளியிலிருந்து கேம்ப் கடிதம் வரும்போது, ‘வேண்டாம்’னு சொல்றதுக்கு முன்னாடி ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்க. யார் கூட இருப்பாங்க, எத்தனை பிள்ளைக்கு ஒருத்தர், வானிலை கெட்டா யார் நிறுத்துவாங்கன்னு கேளுங்க. பதில் திருப்தியா இல்லைன்னா அப்போ ‘வேண்டாம்’னு தாராளமா சொல்லுங்க. ஆனா அந்தப் பதிலைப் பிள்ளைக்கும் படிச்சுக் காட்டிட்டுச் சொல்லுங்க.

அடுத்த மாதம், பாட்டி தாத்தாவோடு நீண்ட விமானப் பயணம் பத்திப் பேசுவோம்.